ஓய்வூதியம் தந்த காலம்: தமிழர் வாழ்வில் பணிநிறைவின் வரலாறு

ஒரு குறிப்பிட்ட வயதில் வேலையிலிருந்து விலகுவதும், விலகிய பின்னும் மாதந்தோறும் தவறாத வருவாயுடன் வாழ்வதும் தமிழகத்தில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பழமையே உடையவை. முதுமை எக்காலத்தும் இருந்தது. அலுவல் இல்லாத முதுமை அவ்வாறு இருந்ததில்லை. உழவரும் குயவரும் நெசவாளரும் உடல் இடங்கொடுக்கும் வரை தொழில் செய்தனர். ஏர் பிடிக்க முடியாதவர் களத்துமேட்டில் காவல் இருந்தார், தறியில் அமர முடியாதவர் தார் சுற்றிக் கொடுத்தார், கண் மங்கியவர் பேரக் குழந்தைகளுக்குத் தொழிலின் நுட்பங்களை வாயால் சொல்லிக் கொடுத்தார். ஊர்க் கணக்கு எழுதிய கர்ணமும் வரி தண்டிய மணியக்காரரும்கூடத் தம் பதவியைப் பரம்பரை உடைமையாகவே வைத்திருந்தனர். தந்தை தளர்ந்தபோது மகன் அவர் பெயரிலேயே கணக்கு எழுதத் தொடங்கினான், தந்தை மறைந்தபோது பதவி அவனுக்கு வந்தது. இந்தப் பரம்பரை முறை 1980 நவம்பரில்தான் தமிழக அரசால் ஒழிக்கப்பட்டது என்பதை நினைத்தால், வயது கண்டு பணியிலிருந்து விடுவிக்கும் வழக்கம் கிராமப் புறத்துக்கு எவ்வளவு காலந்தாழ்ந்து வந்தது என்பது விளங்கும்.

முதுமையை எவ்வாறு கழிப்பது என்ற சிந்தனை மட்டும் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் கற்பியல், காமம் நிறைவெய்திய கடைப்பருவத்தில், மக்கள் நிறைந்த இல்லத்தில், அறத்தை விரும்பும் சுற்றத்தோடு கூடித் தலைவனும் தலைவியும் சிறந்தவற்றைப் பயில்வதே கடந்த வாழ்வின் பயன் என்று கூறுகிறது. வடமொழி அறநூல்கள் வகுத்த வானப்பிரத்தம், அதாவது இல்லறக் கடமை முடித்தவர் காட்டை அடைந்து தவம் மேற்கொள்ளும் நிலை, வீட்டை விட்டு விலகச் சொல்கிறது. தொல்காப்பியரோ வீட்டுக்குள்ளேயே, மனைவியோடும் சுற்றத்தோடும் இருந்து பயிலச் சொல்கிறார். பிற்காலத்தில் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை போவது முதியோரின் பெருங்கடமையாகக் கருதப்பட்டபோதும், பெரும்பாலோர் திரும்பி வந்து வீட்டில்தான் கண் மூடினர். பின்வந்த பென்ஷன்காரர்களின் வாழ்க்கை, தெரிந்தோ தெரியாமலோ, தொல்காப்பியர் காட்டிய வழியையே பெரிதும் ஒட்டிச் சென்றது.

ஓய்வூதியத்தின் தொடக்கம் படைத்துறையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி, போரில் ஊனமுற்ற வீரர்களையும் மறைந்தவர்களின் மனைவியரையும் காக்க, ராபர்ட் கிளைவ் தமக்குக் கிடைத்த பெருந்தொகையைக் கொண்டு 1770-இல் ஏற்படுத்திய நிதியைப் பயன்படுத்தியது. பணிக்கு உதவாதவர் எனத் தள்ளப்பட்ட ஐரோப்பிய வீரர்கள் பூந்தமல்லி, திருப்பாச்சூர் முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். சென்னைப் படையின் சிப்பாய்களும் நெடுநாள் பணிக்கும் காயத்துக்கும் ஈடாகப் பென்ஷன் பெற்றுத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். குடிமைப் பணியாளருக்கு இந்த ஏற்பாடு படிப்படியாக விரிந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உறுதியான விதிகளாக வடிவெடுத்தது. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தின் வழியாகவும் அரசு ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது என்று பாதுகாப்பு அளித்தது. ஐம்பத்தைந்து வயது பணிநிறைவு வயதாக நிலைபெற்று, 1922-இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளிலும் இடம்பெற்றது. நெடுங்காலம் பணியாற்றியவர் தம் கடைசிக்காலச் சராசரி ஊதியத்தில் பாதி அளவுக்குப் பென்ஷன் பெறலாம். அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, ஈடாக ஒரு தொகையை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுக்கொள்ளவும் வழி இருந்தது. இவ்வாறு மாற்றிப் பெறுவதை அலுவலக வழக்கில் கம்யூட்டேஷன் என்பர். மகளின் திருமணமும் ஒரு சிறு வீடும் பல குடும்பங்களில் இந்தத் தொகையால்தான் நிறைவேறின.

இந்த விதிகள் உலர்ந்தவையாகத் தோன்றலாம். ஆனால் இவற்றிலிருந்து தமிழ்ச் சமூகத்துக்கு ஓர் அரிய பொருள் கிடைத்தது. உணவுக்கு உறுதியும் நாள் முழுதும் ஓய்வும் ஒருசேரப் பெற்றவர் முன்பு மிகச் சிலர்: மடத்தின் ஆதரவிலும் ஜமீன்தாரின் அவையிலும் இருந்த புலவர்கள், இறையிலி நிலம் பெற்றவர்கள், பெருநிலக்கிழார்கள். அந்த ஆதரவும் வள்ளலின் மனநிலையைப் பொறுத்தது. மாவட்டக் கருவூலத்திலிருந்து மாதந்தோறும் வரும் பணத்துக்கு யாரையும் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. உயிரோடிருக்கும் வரை அது நிற்பதுமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜமீன்களும் மடங்களும் புலவரைப் புரக்கும் நிலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்த இடத்தை ஒரு பகுதியேனும் நிரப்பியது ஓய்வூதியமே ஆகும்.

பொதுவாழ்வில் இதன் பயன் முதலில் தெரிந்தது 1880-களில். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று அரசுகளிலும் திவானாக இருந்த டி. மாதவ ராவ், 1882-இல் பரோடாவிலிருந்து விலகி மயிலாப்பூரில் குடியேறி, 'நேட்டிவ் திங்க்கர்' என்ற புனைபெயரில் குழந்தை வளர்ப்பு முதற்கொண்டு அரசியல் வரை பல பொருள்களைப் பற்றி எழுதினார். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் வரவேற்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவருடைய உறவினரும் இந்தூரின் முன்னாள் திவானுமான ஆர். ரகுநாத ராவ், கைம்பெண் மறுமணத்துக்கு ஆதரவாகச் சாஸ்திரங்களைக் கொண்டே வாதாடினார். காங்கிரஸைத் தோற்றுவித்தோரில் முதன்மையானவராகிய ஆலன் ஆக்டேவியன் ஹியூமும் 1882-இல் இந்தியக் குடிமைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவரே. பணியில் இருக்கும் வரை வாய் திறக்க இயலாதவர்கள், விடுபட்ட பின் ஆட்சியின் உள்ளறிவோடு பேசத் தொடங்கியமை அக்கால அரசியலுக்கு ஒரு தனி வலிமையைத் தந்தது.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இந்தக் காலத்தின் தடம் இன்னும் ஆழமானது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகி, அரசின் கணக்குத் துறையில் உயர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, 1880-களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். பின்னர் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தபோதும், அவருடைய உள்ளம் ஏட்டுச் சுவடிகளிலேயே இருந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இலும், கலித்தொகை 1887-இலும், சூளாமணி 1889-இலும் அவரால் அச்சேறின. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஆள் அனுப்பியும், பிரதிகளை ஒப்பிட எழுத்தர்களை அமர்த்தியும், அச்சுக் கூலியைத் தாமே ஏற்றும் அவர் செய்த இப்பணி, மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடியது அன்று. முழு நாள்களைக் கேட்பது. அந்த நாள்கள் அவருக்கு ஓய்வின் வழியாகவே பெரிதும் வாய்த்தன.

உ. வே. சாமிநாதையரின் நிலை சற்று வேறானது. சீவக சிந்தாமணி தொடங்கிப் பரிபாடல் வரை அவருடைய பெரும் பதிப்புகள் பல, கும்பகோணம் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியப் பணி செய்துகொண்டே உருவானவை. 1919-இல், அறுபத்து நான்காம் வயதில் ஓய்வு பெற்றபோது, அவர் பெயர் நிலைப்பதற்குரிய பணி ஏற்கெனவே முடிந்திருந்தது என்று ஒருவர் கருதியிருக்கலாம். அவ்வாறு கருதியிருந்தால் அது பெரும் பிழையாகியிருக்கும். அதன் பின் அவர் வாழ்ந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் பெருங்கதை 1924-இலும் குறுந்தொகை 1937-இலும் வெளிவந்தன. சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். இவற்றினும் வியப்புக்குரியது அவருடைய உரைநடை. உரையும் குறிப்பும் எழுதிப் பழகிய பெரும்புலவர், எழுபதைக் கடந்த பிறகு, தாம் கண்ட வித்துவான்களையும் பாடகர்களையும் ஊர்களையும் பற்றி எவரும் படிக்கக்கூடிய எளிய கட்டுரைகளை எழுதலானார். எண்பத்தைந்தாம் வயதில், 1940-இல், ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கி, 1942-இல் மறையும் காலம் வரை வாராவாரம் எழுதினார். 'என் சரித்திரம்' முற்றுப்பெறாமல் நின்றது. 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி எவ்வாறு நடந்தது, குருகுலத்தில் மாணவன் என்ன உண்டான், எங்கே உறங்கினான், எந்தச் செய்யுளை எந்த முறையில் பாடம் கேட்டான் என்பவற்றை அறிய அதற்கு நிகரான நூல் தமிழில் இல்லை. ஓய்வுக்குப் பிந்திய ஆண்டுகள் அவருக்குக் கிட்டாதிருந்தால், பதிப்பாசிரியரைத் தமிழகம் பெற்றிருக்கும். இந்த நினைவாளரை இழந்திருக்கும்.

வயது வரும் வரை காத்திராமல் முன்னதாகவே விலகியவர்களும் இருந்தனர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா உப்பு, ஆயத் துறையில் பணியாற்றி, 1922-இல் தாமாகவே ஓய்வு பெற்று, முழுநேர எழுத்தாளராகிப் 'பஞ்சாமிர்தம்' என்னும் மாத இதழை 1924-இல் தொடங்கினார். ஊர் ஊராகக் குதிரையேறிச் சுங்கம் கண்காணித்த வாழ்க்கையில் கிடைக்காத ஓய்வை அவர் அடைந்தது மூன்று ஆண்டுகள் மட்டுமே. 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த சிறிது நேரத்தில் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஐம்பத்தைந்து வரை பணியில் இருந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகளின் எழுத்தும் தமிழுக்கு இல்லை.

திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்து 1931-இல் ஓய்வு பெற்ற கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நாஞ்சில் நாட்டுப் புத்தேரிக்குத் திரும்பி, எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார். 'ஆசிய ஜோதி'யும் உமர் கய்யாம் பாடல்களும் நூல்களாக வெளிவந்தது அக்காலத்தில்தான். இந்து அறநிலையத் துறையின் ஆணையராக இருந்து 1935-இல் விலகிய டி. கே. சிதம்பரநாத முதலியார், குற்றாலத்தில் தம் இல்லத்தைக் கம்பனைச் சுவைப்போர் கூடும் இடமாக ஆக்கினார். சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகப் பணி முடித்த பம்மல் சம்பந்த முதலியார், சுகுண விலாச சபை என்னும் நாடகக் குழுவோடு கழிந்த தம் வாழ்வைச் 'சுதேசமித்திரன்' இதழில் 'நாடக மேடை நினைவுகள்' எனத் தொடராக எழுதினார். அந்த ஓய்வின் விளைவாகவே நவீனத் தமிழ் நாடகத்தின் முதல் ஐம்பது ஆண்டு வரலாற்றுக்கு ஒரு நேர்ச்சான்று கிடைத்தது. மாவட்ட ஆட்சியராகப் பணி முடித்த தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், கோயில் கோயிலாகச் சென்று 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார்.

இந்த மரபின் உச்சத்தில் நிற்பவர் ஐராவதம் மகாதேவன். 1954-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1980-இல் விருப்ப ஓய்வு பெற்றவர். 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராக இருந்த பின், தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் உள்ள குகைகளுக்கு மீண்டும் சென்று, அறுபதைக் கடந்த வயதில் பாறைகளில் ஏறி, ஒவ்வோர் எழுத்தையும் நேரில் கண்டு படியெடுத்தார். அந்த ஆய்வின் முடிவாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல் 2003-இல் வெளிவந்தது. பழந்தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் அதைத் தவிர்த்து ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது.

பெயர் பெற்றவர்களின் வரலாறு இவ்வாறிருக்க, பெயர் பதியாத பல்லாயிரவரின் நாள்கள் வேறு ஒழுங்கில் கழிந்தன. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம், கும்பகோணம், ஸ்ரீரங்கம் ஆகியவை பென்ஷன்காரர் விரும்பிக் குடியேறிய இடங்கள். குளமும் கோயிலும் நடக்கும் தொலைவில் மருத்துவரும் அமைந்த ஊர் வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. விடியற்காலைக் குளியல், கோயில், செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தல், திண்ணையில் உரையாடல், பிற்பகல் உறக்கம், மாலை நடை என்பது பொதுவான வரிசை. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் அமைத்த மெரினா உலாவிடமும், பின்னர்த் தியாகராய நகரின் பனகல் பூங்காவும், மயிலாப்பூரின் நாகேஸ்வர ராவ் பூங்காவும் அந்த நடைக்கு வழி செய்தன. மாதத்தின் தொடக்கத்தில் கருவூலத்துக்குச் சென்று வரிசையில் நின்று பணம் பெறுவதும், ஆண்டுக்கொரு முறை உயிரோடிருப்பதற்குச் சான்று காட்ட நேரில் தோன்றுவதும் இந்த வாழ்வின் கட்டாயங்கள். பழைய அலுவலக நண்பர்கள் ஒருவரையொருவர் காணும் இடமும் அந்தக் கருவூல வாசலே. கோயிலில் திருப்பணிக் குழு, பஜனை மடம், சங்கீத சபை, கூட்டுறவுச் சங்கம், படிப்பகம் ஆகியவற்றின் செயலாளர் பதவியும் கணக்கு நோட்டும் பெரும்பாலும் ஓய்வு பெற்ற எழுத்தர் கையிலோ தலைமையாசிரியர் கையிலோ இருந்தன. ஊதியமின்றி, ஒழுங்காக, ஆண்டறிக்கை தவறாமல் நடத்தப்பட்ட அந்தச் சிறு அமைப்புகளின் மேல்தான் 20-ஆம் நூற்றாண்டுத் தமிழக நகரங்களின் பண்பாட்டு வாழ்வு நின்றது.

அறுபது நிறையும்போது செய்யப்படும் சஷ்டியப்தபூர்த்தி என்னும் மணிவிழா பழைய சடங்கே எனினும், அலுவலர் குடும்பங்களில் அது புதிய பொருள் பெற்றது. அலுவலகத்தில் மாலையும் பிரிவுபசாரமும் ஒரு முடிவைக் குறித்தன. சில ஆண்டுகளுக்குள் வரும் மணிவிழா, கணவன் மனைவிக்கு மீண்டும் மாங்கல்யதாரணம் செய்வித்து, மறுபடியும் ஒரு தொடக்கத்தைக் குறித்தது. எமனை இறைவன் உதைத்த தலமாகப் போற்றப்படும் திருக்கடையூரில் இன்று நாள்தோறும் இவ்விழாக்கள் நடக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் இந்த வரலாறு கடல் கடந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல், மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று, ரயில்வேயிலும் நில அளவையிலும் எழுத்தர் பணியிலும் சேர்ந்தனர். ஐம்பத்தைந்தில் விலகிய பலர் ஊருக்கே திரும்பினர்; அவர்களை ஊரார் பென்சனியர் என்றழைத்தனர். வேலி அடைத்த வளவுக்குள் கல்வீடு கட்டி, தோட்டம் வைத்து, ஊர்க் கோயிலின் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் பள்ளிக்கூடத்தின் மண்டபத்துக்கும் பணம் கொடுத்து வாழ்ந்த அவர்களால், வயலும் தோட்டமும் மட்டுமே வருவாயாக இருந்த கிராமங்களில் மாதந்தோறும் வெளிநாட்டுப் பணம் புழங்கியது.

இவ்வளவும் ஆண்களின் வரலாறு. அதிலும் ஆங்கிலம் கற்று அரசுப் பணி எய்திய சில சாதியாரின் வரலாறு என்பதை மறைக்கலாகாது. கணவர் சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படித்த வீட்டில் மனைவிக்கு ஓய்வு வயது என ஒன்று இருந்ததில்லை. கணவர் வீட்டிலேயே இருக்கத் தொடங்கியதால் காபியும் சிற்றுண்டியும் பெருகி, வேலை கூடியதே உண்மை. சம்பளம் பெற்ற பெண்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில், ஓய்வை அரிய முறையில் பயன்படுத்தியவர் சகோதரி சுப்பலட்சுமி. இளம் கைம்பெண்களுக்குக் கல்வி தர வாழ்வை ஒப்படைத்த அவர், 1940-களின் தொடக்கத்தில் அரசுப் பணியிலிருந்து விலகிய பின், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் கிராமப் பெண்களிடையே பணி செய்தார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் இருந்தார். 1956-இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தோன்றவும் காரணமானார்.

உழைக்கும் மக்களுக்கு ஓய்வின் பொருளியல் அடிப்படை மிகத் தாமதமாகவே வந்தது. மதுரை, கோவை ஆலைத் தொழிலாளர் வேலையை விட்டபோது பெற்றது ஒருமுறைத் தொகை மட்டுமே. அதைக் கொண்டு தேநீர்க் கடையோ பெட்டிக்கடையோ வைத்தனர், அல்லது மகளின் திருமணத்தில் அது கரைந்தது. 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் 1995-இல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் வந்தன. ஆதரவற்ற முதியோருக்கு 1962 முதல் உதவித்தொகை வழங்கப்படுகிறது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகையில் வாழ்பவருக்கு ஓய்வு எப்படிக் கழிகிறது என்ற கேள்வி எழுவதில்லை. அவர் எழுபதிலும் கீரை விற்கிறார். அரசு ஊழியர் நிலையிலும் மாற்றங்கள் நேர்ந்தன. 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றோருக்குத் திருத்திய பென்ஷன் இல்லை என்ற பாகுபாட்டை எதிர்த்து டி. எஸ். நகாரா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று, ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அன்று, செய்த பணிக்குரிய உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாள் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டனர். பணிநிறைவு வயதும் 2020-இல் ஐம்பத்தொன்பதாகவும் 2021-இல் அறுபதாகவும் ஏறியது.

ஓய்வு பெற்றவர்களின் கையெழுத்தில் தமிழகத்து வீடுகளில் இன்னும் ஏராளமான தாள்கள் கிடக்கின்றன: நாள்குறிப்புகள், குடும்ப வரலாறுகள், ஊர்க் கோயிலின் திருப்பணிக் கணக்குகள், தலபுராணக் குறிப்புகள், சபைகளின் ஆண்டறிக்கைகள், பதில் வந்த கடிதங்களின் கட்டுகள். எழுதியவர் மறைந்து வீடு விற்கப்படும்போது அவை எடைக்குப் போகின்றன. ஒரு நூற்றாண்டுத் தமிழ் நகர வாழ்வை உள்ளிருந்து பதிவு செய்த சான்றுகள் இவற்றைப் போல் வேறில்லை. அத்தகைய தாள்களை வைத்திருப்போர், பழைய காகிதம் வாங்குபவரை அழைப்பதற்கு முன், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, உ. வே. சா. நூலகத்துக்கோ, தம் ஊருக்கு அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.